நீற்றறை

கப்பலில் எல்லாம் வந்தது.
ஆணி, சங்கிலி, ஆளுநருக்கு ஜன்னல் கண்ணாடி,
பன்றி ஏழு, பாதிரியார் ஒருவர்.
சுண்ணாம்பு மட்டும் வரவில்லை.
செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே வெறும் களிமண்.
முதல் மழைக்கே கிடங்கு
முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டது.

"அதோ, அந்தக் குப்பைமேடு" என்றார் சார்ஜென்ட் டிரஸ்காட்.
வெயிலில் கண் கூசும் வெள்ளை.
இரண்டாள் உயரத்துக்கு, கரை நெடுகக் கிளிஞ்சல்.

மண்வெட்டி என்னிடம்.
எலியாஸ் பென்றோஸ், கார்ன்வால்,
இரண்டு செம்மறித் தோலுக்கு ஏழு வருஷம்.

வெட்டினேன்.
சிப்பி, கரி, மீன்முள்,
சிப்பி, கரி,
யாரோ ஒரு பிள்ளை கடித்துப் போட்ட நண்டுக்கால்,
அதற்கும் கீழே கரி.
எங்கள் ஊர் தேவாலயத்துக்கு அறுநூறு வயது என்பார்கள்.
இந்த மேட்டில் அது
என் முழங்காலுக்குக்கூட வராது.

பிறைபோல் அறுத்த சிப்பித் தூண்டில் ஒன்று கிடைத்தது.
பைக்குள் போட்டுக்கொண்டேன்.
இந்தத் திருட்டுக்குக் கப்பலேற்ற இங்கே யாருமில்லை.

விறகு ஓர் அடுக்கு, ஓடு ஓர் அடுக்கு,
காளவாய் மூன்று ராத்திரி எரிந்தது.
வெந்த பிறகும் சிப்பி சிப்பியாகத்தான் இருக்கும்.
தண்ணீர் பட்டால்தான்
சீறும், விரியும், மாவாகும்.
ஒபதியா ஸ்னெல்லுக்கு ஒரு கண் அதில் போனது.

அவள் மரப்பட்டைத் தோணியில் வருவாள்.
தோணி நடுவில் களிமண்மேல் கனல்,
மடியில் தூங்கும் குழந்தை.
தண்ணீரிலிருந்தே பார்த்துவிட்டுப் போவாள்.
ஒருநாள் இறங்கினாள்.
மேடு இருந்த இடத்தில் பள்ளம்.
குத்துக்காலிட்டு உட்கார்ந்து,
சிப்பி சுட்டு, அவசரமில்லாமல் தின்று,
ஓடுகளைப் பள்ளத்தில் எறிந்தாள்,
எப்போதும் எறிகிற இடத்தில் எறிவதுபோல.
பதினொன்று. எண்ணினேன்.
பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.
கேள்வி என்பது மட்டும் புரிந்தது.

"அதையும் அள்ளு" என்றார் டிரஸ்காட், மறுநாள்.
அள்ளினேன்.
ஈரம் காயாதவை.
தீக்குள் ஒவ்வொன்றாக வெடித்தன.
பத்துதான் காதில் விழுந்தது.

இப்போது சுவர் நிற்கிறது.
கொடி ஏற்றினார்கள், வேட்டுச் சுட்டார்கள்,
ஆளுக்கு அரைக் குவளை ரம்.
உண்ட வீட்டுக்கு ரெண்டகம் கேள்விப்பட்டிருக்கிறேன்.
உண்டதையே அரைத்துக் குழைத்து
வீடாக எழுப்பி, உண்டவளை
வாசலில் நிறுத்துவதற்கு
என்ன பேரென்று தெரியவில்லை.

ஜன்னலுக்குக் கீழே, பூச்சில்,
வேகாத ஓடு ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது.
விறகு சுமந்து போகும்போதெல்லாம்
கட்டைவிரல் அங்கே போய்விடுகிறது.
உள்பக்கம்
இன்னும் வழுவழுப்பு.