எழுதியவர் தெரியவில்லை

மண்டபத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டினால்
இறால் கம்பெனியாக இருந்த கட்டடம்.
இப்போது கண்ணாடிக் கதவு, ஏசி,
செருப்பை வெளியே விடச் சொல்லி ஒரு போர்டு.
பதினொன்றாம் வகுப்பு, வணிகவியல், பத்தொன்பது பேர்.
இருபதாவது ஆள் ரிஃபாய்
பஸ்ஸிலேயே தூங்குகிறான்.

சுற்றறிக்கையில் இருந்தது:
'போராட்ட வரலாறும் சமகாலக் கலையும்.'
பிள்ளைகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்:
அப்படியே பாம்பன் பாலம் வரைக்கும் போவோமா, மிஸ்?

வெறுங்காலுக்குத் தரையின் சாய்வு ஞாபகம் இருந்தது.
தண்ணீர் இந்தப் பக்கம்தான் ஓடும்.
ஓடிய சாக்கடைக்கு இப்போது கண்ணாடி மூடி,
உள்ளே ஒரு நீல விளக்கு.

முதல் அறையில் அலுமினியப் பேசின்கள்
கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கின.
அடியில் நின்று டெல்வின் விசிலடித்தான்.
திட்டுவார்கள் என்று பார்த்தால், காவலாளி
இன்னும் சத்தமா அடி தம்பி என்றார்.
அதற்குத்தான் தொங்கவிட்டதாம்.

அடுத்த அறையில் நாற்பது நிமிட வீடியோ.
திரை முழுக்கக் கடல், மேலே பெண்களின் குரல்:
கிலோவுக்கு ரெண்டு ரூபா எழுபது காசு,
கிலோவுக்கு ரெண்டு ரூபா எழுபது காசு.
இரண்டாவது நிமிடத்தில் அறை காலி.
முனீஸ்வரி மட்டும் நின்று கேட்டாள்:
அந்தக் காலத்து ரெண்டு ரூபாயா மிஸ்,
இந்தக் காலத்து ரெண்டு ரூபாயா?
நல்ல கேள்வி. நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது அறையில் ஒரே ஒரு சட்டம்.
நீலக் கோடு போட்ட தாள்.
தலைப்பு: வேலைக்கு வரவில்லை.
கீழே முப்பத்தொரு பெயர்.
அதற்கும் கீழே அச்சிட்ட அட்டை:
'வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள்
மேலாளரிடம் தரப்பட்ட பட்டியல்.
தாளில் பேனா. எழுதியவர் தெரியவில்லை.'

ஜெனோவா கிட்டப் போனாள். மூச்சு கண்ணாடியில் படிந்தது.
மிஸ், இது உங்க ழ.

அழகுராக்கு. பழனிச்சி. எழிலரசி.
வாலைக் கீழே இறக்கி, போதாதென்று
இடப்பக்கம் ஒரு கொக்கி.
பத்து மாதமாக அதைத்தான் பார்க்கிறாள்,
பிழைத் திருத்தம் என்று கரும்பலகையில்
நான் எழுதும்போதெல்லாம்.

பிரிட்டோ செல்போனை எடுத்தான்.
கரும்பலகையைப் படம் பிடித்து வைப்பார்கள்,
எழுதிக்கொள்ளச் சோம்பல்.
ஸூம் பண்ணு, இன்னும் பண்ணு.
ழ பக்கத்தில் ழ.
ஏழெட்டுத் தலைகள் ஒரு திரைக்கு மேலே.

பத்தொன்பது வயது எனக்கு.
ஃபேனுக்குக் கீழே நாற்காலி கிடைத்த ஒரே பெண்.
வந்தவங்க பேரு வேணாம்மா,
வராதவங்க பேரு போதும் என்றார் மேலாளர்.
உனக்குக் கையெழுத்து நல்லாருக்கு.
எழுதினேன். பிசகில்லாமல், வீட்டுப்பெயர் சகிதம்.
அடுத்த திங்கள் முப்பத்தொரு பேரும் கேட்டுக்கு வெளியே.
எனக்கு அந்த மாதம் ஐம்பது ரூபாய் கூட.
பி.காம். விண்ணப்பம் அதில்தான் வாங்கினேன்.
பற்று எங்கே வைப்பது, வரவு எங்கே வைப்பது,
இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது அதுதான்.

ஆமா, என் ழதான்.

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.
மிஸ், அப்ப உங்க கையெழுத்து கண்காட்சியில இருக்கா!
டெல்வின் கைதட்டத் தொடங்கி
மூன்றாவது தட்டில் நிறுத்தினான்.
ஜெனோவா பட்டியலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
இவங்கள்ல யாரையாவது அப்புறம் பாத்தீங்களா?

பார்த்தேன். மீன் மார்க்கெட்டில். கலெக்டர் ஆபீஸில்.
ஒருமுறை உச்சிப்புளி பஸ்ஸில் பழனிச்சி
எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.
அவளுக்குத் தெரியுமா?
தெரியல, ஜெனோவா. நான் சொல்லல.

வாசலில் பார்வையாளர் பதிவேடு.
பெயர், ஊர், கருத்து.
பெயரும் ஊரும் எழுதினேன்.
அட்டையை மாற்றச் சொல்லி எழுத நினைத்த இடத்தில்
பேனா மை திட்டாகப் பரவியது.
பின்னால் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்,
அவசரப்படாமல், எல்லோரும் என் கையையே பார்த்தபடி.

பஸ்ஸில் ரிஃபாய் கண்ணைக் கசக்கினான்.
உள்ள என்னடா இருந்துச்சு?
ஒரு லிஸ்டு, என்றான் பிரிட்டோ.
வராதவங்க லிஸ்டு. போய்ப் பாரு,
உன் பேரும் இருக்கும்.

சிரிப்பு வரக் கொஞ்சம் தாமதமானது.
பாலத்துக்குப் போகச் சொன்னேன் டிரைவரிடம்.