பத்து கிலோவுக்குக் கீழே

முதல் நாள் மூன்று வரை எண்ணினேன்.
நான்காவது மூச்சில்
கீழே அடிபம்பில் யாரோ குடத்தை இழுத்துப் போட்டார்கள்.
இயர்போன் குரல் சொன்னது:
எண்ணிக்கை தவறினால் பரவாயில்லை,
ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.
அந்தக் குரலுக்குத் தண்டையார்பேட்டை தெரியாது.
இங்கே வரிசையை விட்டால்
ஒன்று கிடைக்காது, கடைசிதான்.

ஞானம் வேண்டி உட்காரவில்லை நான்.
அண்ணனிடம் ஒரு கேள்வி இருக்கிறது.
என் கம்மலை வாங்கிப் போனான் தேசப்பன்,
பழைய வண்ணாரப்பேட்டை சேட்டுக் கடையில் வைத்தான்,
ரசீதை எங்கே வைத்தான் என்று சொல்வதற்குள்
எண்ணூர் ரோட்டில் ஒரு டிரெய்லர் ரிவர்ஸ் எடுத்தது.
சட்டைப்பையில் இல்லை.
சாமி படத்துக்குப் பின்னால் இல்லை.
பைக் சீட்டுக்கு அடியில்
பாதிக் கட்டு பீடியும் பல் போன சீப்பும்.
அவனையே கேட்டுவிடலாம் என்று
கண்ணை மூடப் பழகுகிறவள் நான்.
சிரிக்காதீர்கள், வட்டி ஏறுகிறது.

மணலியில் எடைமேடையில் வேலை.
லாரி ஏறும், ஓர் எண் விழும்.
சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப ஏறும், இன்னோர் எண்.
ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால்
உள்ளே எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும்.
ஸ்டான்லி பிணவறை வாசலிலும்
இதே கணக்கைத்தான் போட்டேன்.
காலையில் கிளம்பும்போது அறுபத்தெட்டு கிலோ.
இப்போது?
யாரும் சீட்டுக் கிழித்துத் தரவில்லை.
என் மேடையில் ஏற்றியிருந்தாலும் தெரிந்திருக்காது,
பத்து கிலோவுக்குக் கீழே அது எதையும் காட்டாது.
பூனை குறுக்கே நடந்து போகும்.
பூஜ்யம் என்று சொல்லும்.

எட்டாம் நாள் ஒரு கதவைக் கற்பனை செய்யச் சொன்னது குரல்.
எனக்குத் தெரிந்தது ஹவுசிங் போர்டு கதவு,
அடிப்பக்கம் வெள்ளம் தின்ற பிளைவுட்.
அதற்கு அப்பால்
உங்கள் பிரியமானவர்கள் காத்திருக்கிறார்கள் என்றது.
தேசப்பன் காத்திருப்பானா?
கொருக்குப்பேட்டை கேட்டில் குனிந்து நுழைந்தே
வளர்ந்தவன்.
தாழ்ப்பாள் நகரவில்லை.
கால் மரத்துப்போனது.
ரிஃபைனரி வாடை மட்டும்
எந்தக் கதவையும் கேட்காமல் உள்ளே வந்தது.

“வந்தாரா?” என்பாள் அண்ணி உஷாராணி,
சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே.
“வரல.”
“வந்தா கேஸ் புக்கையும் கேளு.”

பதினான்காம் நாள் கதவு திறந்தது.
அல்லது தூங்கிவிட்டேன்.
நின்றவர் எனக்குத் தெரியாத ஆள்,
காக்கி அரைக்கால்சட்டை, துவட்டாத தலை.
“இது எந்த பிளாக்குமா?”
எச் பிளாக் என்றேன்.
“அப்ப தப்பா வந்துட்டேன்.”
படி இறங்கிப் போய்விட்டார்.
அங்கேயும் விலாசம் தெரியாமல் அலைகிறார்கள் என்பது
எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.
யாருடைய அண்ணனோ.
எந்த மாடியில் எவள் உட்கார்ந்து
அவருக்காக மூச்சை எண்ணுகிறாளோ.

சேட்டு கடைசியில் ரசீது கேட்கவில்லை.
இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் ஒன்று,
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அண்ணி கையெழுத்து,
அசலும் வட்டியும்.
கம்மல் காதுக்கு வந்துவிட்டது.
கேட்க ஒன்றும் இல்லை என்று
அன்றிரவு பாயை விரித்துப் படுத்தேன்.

விளக்கை அணைத்த பிறகு அண்ணி,
சுவரைப் பார்த்துக்கொண்டு:
“வலிச்சுதான்னு மட்டும் கேளு.”

மறுநாள் நாலு மணிக்கு
சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால் மறுபடி உட்கார்ந்தேன்.
இயர்போன் இல்லை.
தரை என்னைத் தாங்குவது தெரிந்தது,
ஐம்பத்து மூன்று கிலோ,
அதோடு காதில் நாலு கிராம்.
ஆறு. ஏழு. எட்டு.
ஒன்பதில், நெடுஞ்சாலைப் பக்கம்,
ஒரு டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும் பீப், பீப்.

கண்ணைத் திறக்கவில்லை.
அது நிற்கும்வரை உள்ளே பிடித்திருந்ததை
மெல்ல வெளியே விட்டேன்.

ஒன்று.