அரைச் சுண்டு

ஒலுமடுவில் அந்த இரவு
படம் பார்க்கத் தலைக்கு ஒரு சுண்டு நெல்.
மண்ணெண்ணெய் விலை தெரிந்த சனம்,
பேரம் பேசவில்லை.
சைக்கிள் கரியரில் ஜெனறேற்றரை வரிந்து கட்டி
மல்லாவியிலிருந்து உழக்கி வந்தவன் நான்.
இரண்டு துளி பெற்றோல் காட்டி இழுத்தால்தான்
அது இருமத் தொடங்கும்.

கசற் அரியகுட்டியினுடையது.
தகப்பன் மலாயா ரயிலில் சிக்னல் பார்த்த காலத்தில்
செந்தூலில் பிறந்து
ஒன்பது வயதில் கப்பலேறி வந்தவன்.
இப்போது உழவு இயந்திரம் திருத்துகிறான்.
கிளாங்கிலிருந்து தங்கச்சி அனுப்பிய பார்சலில்
சீத்தைத் துணிகளுக்கு நடுவே
பழைய மலாய்ப் படம் ஒன்று, கறுப்பு வெள்ளை.

"பாசை நான் சொல்லுவன்" என்றான்.
ஏழைத் தாய், ஒரே மகன்,
மகன் கடலோடிகளோடு போகிறான்.
அதுவரை சரியாகத்தான் சொன்னான்.
அரண்மனையில் எல்லாரும் வேகமாகப் பேசத் தொடங்க
தலையைச் சொறிந்தான்.
"ஒன்பது வயசுப் பாசைதான் கிடக்கு.
சோறு, தண்ணி, அடிக்காதேங்கோ."

சனத்துக்குக் காது இருந்தது.
காப்பால் என்று திரையில் ஒருத்தன் கத்த
"கப்பலாம்!" என்றது முன்வரிசை.
பெத்தி, பெட்டி. காத்தில், கட்டில்.
மாலிகை என்றபோது ஒரே சிரிப்பு.
நீராடும் இடத்தைக் கோலாம் என்றார்கள்.
"எங்கட குளம் எப்பிடியடா அங்க போனது?"
"வான் பாய்ஞ்சு போயிருக்கும்."

கதாநாயகி புறங்கையை நெற்றியில் வைத்து அழுதாள்.
மதராசிலிருந்து போன ஆட்கள்தான்
சிங்கப்பூரில் கமராவுக்குப் பின்னால் நின்றார்களாம்.
அழுகை அவர்கள் பழக்கியது.
கதை அந்த மண்ணினது,
படம் பிறக்குமுன்னே பாய்மரக்காரரின் வாயில் கிடந்தது.
"பத்துமலை கேள்விப்பட்டிருப்பியள்," என்றான் அரியகுட்டி,
"அதுதான் இந்தக் கப்பல் எண்டு மலாய்க்காரர் சொல்லுவினம்.
முருகன் ஏறினது கல்லான பிறகு."

மகன் சீமானாகத் திரும்பினான்.
கரையில் தாய், வாழையிலையில் சுற்றிய பலகாரத்தோடு.
பக்கத்தில் நின்ற மனைவி ஏதோ கேட்டாள்.
அவன் உதட்டைப் பிதுக்கினான்.
அதற்குப் பாசை தேவைப்படவில்லை.
தாய் இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.
எண்ணெய் முடிந்தது.

இருட்டு. நுளம்பு. "முடிவைச் சொல்லு!"
அரியகுட்டி வாயெடுத்தான்: "தாய் சாபம்..."
"பொறு."
கதிராசி. அரிசி ஆலையில் தவிடு அள்ளுகிறவள்.
இரண்டு ஏக்கர் வயல் ஏஜென்சிக்காரனிடம் போய்
மகனும் போய் நாலு வருசம்.
"அவள் கையைத் தூக்கினது சாபம் போடவெண்டு
ஆர் சொன்னது?
தூரத்தில நிக்கிறவனுக்குத் தெரியட்டுமெண்டு
காட்டியிருப்பாள்."

எங்கோ ஒரு குழந்தை பால் குடிக்கும் சத்தம் கேட்டது.
"எனக்கு வடிவாப் பாசை தெரியாது"
என்றான் அரியகுட்டி.

அடுத்த கிழமை மிச்சத்தைத் தனியே ஓட்டினேன்.
புயல். மட்டையில் செய்த கப்பல்.
சாம்பல் பூசிய மனிதர்கள் கல்லாக நின்றார்கள்;
ஒரு கல் கண் சிமிட்டியது.
திரும்பச் சுற்றினேன்.
கையுயர்த்திய தாய்
சபிக்க முதல் ஒரு கணம்
பக்கவாட்டில் பார்க்கிறாள்.
கமராவுக்குப் பின்னால் யாரோ
'இப்ப' என்று சொல்லும்வரை
அவளிடம் சாபம் இல்லை.

ஆலையடியில் கதிராசி சைக்கிளை மறித்தாள்.
"மிச்சம் பாத்தனியோ?"
"கசற் அதில அறுந்துபோச்சு அக்கா."
புருவமெல்லாம் தவிட்டோடு
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
"அப்ப அரைப் படம்தானே.
அரைச் சுண்டு நெல்லைத் திருப்பித் தா."

அரைச் சுண்டுப் பேணியில் குவித்து அளந்தேன்.
சுட்டுவிரலால் தலை வழித்து
மேலே நின்றதை என் சாக்குக்குள்ளேயே தட்டிவிட்டு
மிச்சத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு
போனாள்.