ஒருநாள் விட்டு ஒருநாள்

லாபிஸ் கிளினிக்கில் தந்த பச்சைப் புத்தகத்தில்
அவருடைய ரத்த அழுத்தம் என் கையெழுத்தில் இருக்கிறது.
திங்கள் 158. புதன் 164.
வெள்ளிக்கிழமை ஆலோங் ஆள் மோட்டாரில் வந்து
வாசலில் ஹார்னை மட்டும் அடித்துவிட்டுப் போனான்.
அன்றைக்கு 179.

உப்பு கூடுதலா என்று கேட்டார் மிஸ்ஸி ரொஹானா.
கருவாட்டை நிறுத்தி ஏழு மாதம்.
ஊறுகாய்ப் போத்தலைக்கூடத் தவமலர் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று.
கவலை ஏதாவது?
"சிக்கிட்" என்றேன்.
மகனின் படிப்புக் கடன், லோரிக் கடன்,
அதை அடைக்க எடுத்த கடன்,
தோட்டம் கைமாறிவிட்டது, அக்டோபருக்குள் வீட்டைக் காலி செய் என்ற கடிதம்
எல்லாவற்றையும் அந்தச் சின்னச் சொல்லுக்குள் மடித்து வைத்துவிட்டு
மாத்திரையை வாங்கிக்கொண்டேன்.

மிஸ்ஸி ஒரு தாளில் இரண்டு வட்டம் வரைந்தார்.
பயந்தால் குழாய் சுருங்கும். பயம் போனதும் விரியும்.
போகாத பயமென்றால்?
கையை மெல்ல மூடி, மூடியபடியே வைத்திருந்தார்.
சுவர் தடித்துவிடுமாம், உள்பக்கம் சொரசொரத்துவிடுமாம்.
பாதி மலாய், பாதி விரல்.
எனக்குப் புரிந்தது.
லோரி கழுவும் ஹோஸ் எட்டு வருடமாக வெயிலில் கிடக்கிறது,
இப்போது வளைத்தால் வெடிக்கும்.

அதைவிட எனக்குத் தெரிந்தது பால்மரம்.
இருபத்திரண்டு வருடமாக
நெற்றி விளக்கோடு நாலரைக்குப் போகிறேன்.
இருட்டில்தான் மரத்துக்குள் பால் முட்டிக்கொண்டு நிற்கும்.
வெயில் ஏறினால் தளர்ந்துவிடும்.
(மனிதருக்கும் விடியலில்தான் ஏறுமாம்.)
இன்று சீவிய மரத்தை நாளைக்குத் தொடக்கூடாது.
போன வருடம் குத்தகைக்காரனுக்கு அவசரம்,
தினமும் சீவு, மருந்தும் தடவு என்றான்.
முதல் மாதம் மங்கு வழிந்தது.
பிறகு ஆறாவது நிரையில் பதினொரு மரம்
பட்டை பழுப்பேறி,
கத்தி வைத்தால் வறண்ட கோடு மட்டும்.
அப்போதுதான் லீவு கொடுத்தான்.
சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டு
"இதுங்கள தொடாத" என்றான்.

நேற்று இரவு அவர் செம்பனைக் குலையோடு
சிகாமட் பக்கம் போயிருந்தார்.
மெஷின் மேசையில் கிடந்தது,
இன்னும் மூன்று தவணை பாக்கி.
பட்டியை என் கையில் சுற்றினேன், விளையாட்டாகத்தான்.

முதுகு சாய்த்து, பாதம் இரண்டும் தரையில்,
பேசாமல் ஐந்து நிமிடம்.
எத்தனை முறை அவரை அப்படி உட்கார வைத்திருக்கிறேன்,
பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்தபடி,
அடுப்பில் சோறு,
காது மட்டும் ரோட்டில், மோட்டார் வருகிறதா என்று.
இந்த வீட்டில் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது
உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

191.

மறுபடி. 188.

புத்தகத்தில் எழுத இடமில்லை,
எல்லாப் பக்கத்துக்கும் மேலே நாகரத்தினம் என்றிருக்கிறது.
பின்னட்டையில், மளிகைப் பாக்கிக்குக் கீழே எழுதினேன்
தில்லைநாயகி, 191.
கூட்டுத்தொகையில் சேர்ந்துவிடக்கூடாதே என்று
நடுவில் ஒரு கோடு.

மூன்றாவது முறை பொத்தானை அழுத்தியதும் போன் வந்தது.
தெரிந்த நம்பர்.
பட்டி இறுகிக்கொண்டிருந்தது, பேசக்கூடாது.
போன் நடுங்கி நடுங்கி மேசை விளிம்புவரை நகர்ந்தது,
விழவில்லை.
காற்று இறங்கத் தொடங்கியது,
ஸ்ஸ்ஸ் என்று, அவசரமில்லாமல்.

சுண்ணாம்பு டப்பாவை எங்கே வைத்தேன்?