டிஎஸ்சி 4471

செக்காலை ரோடு ஸ்டுடியோ,
இரவு ஒன்றே முக்கால்.
கானாடுகாத்தான் கல்யாணம். இரண்டாயிரத்து முந்நூறு ரா ஃபைல்கள்
ஜேபெக்காக மாறிக்கொண்டிருக்கின்றன.
பட்டை நகர்கிறது, நிற்கிறது,
யோசிக்கிற மாதிரி.

ரா என்றால் எல்லாம் இருக்கும்.
இருட்டில் கிடந்த தூணும்
தூணோரம் செல்போனைப் பார்த்துச் சிரித்த சமையல்காரரும்
ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு எகிறி
மணப்பெண் மோவாயில் ஒட்டியதும்.
ஜேபெக் கெட்டிக்காரன்.
கண்ணுக்குத் தெரியாததையெல்லாம்
வழியிலேயே போட்டுவிட்டு
நாலு எம்பியில் வந்து நிற்பான்.

பெயர் சிகப்பி.
நிறம் புளியங்கொட்டை.
மாமனார் அரு. சாத்தப்பன் மூன்று தடவை போன்:
"கொஞ்சம் வெளுப்பா எடுத்து விடுங்க தம்பி,
பினாங்குலேருந்து பாப்பாக."

ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளினேன்.
பதினேழில் வைர மூக்குத்தி காணவில்லை.
இருபத்திரண்டில் அவளையே.
அதே அளவை மொத்தத்துக்கும் ஒட்டிவிட்டு
பஸ் ஸ்டாண்டுக்கு டீ குடிக்கப் போனேன்.

திரும்பினால் வாட்ஸப்பில் புது நம்பர்.
"சிகப்பி பேசுறேன்.
கழுத்திரு போட்டுக்கிட்டு நான் கீழ பாக்குறேனே,
அந்தப் படம் மட்டும்
நீங்க கை வைக்காம வேணும்."

"அது போன்ல தெறக்காதும்மா."

"தெறக்க வேணாம். இருக்கட்டும்."

டிஎஸ்சி 4471.
நாற்பத்தெட்டு எம்பி.
ஏறி முடிக்க ஆறு நிமிஷம்.
நடுவில் கரண்ட் ஒருதரம் கண் சிமிட்டியது,
யூபிஎஸ் கத்தியது.
நான் மவுஸைத் தொடாமல்
கையை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.