இடது கால் பூட்ஸ்

ஆறு இல்லையே என்று முகம் சுளிக்காதீர்கள்.
நீங்கள் வந்த நேரம் அப்படி.
இப்போதைக்குச் சாக்லேட் நிறச் சேறு,
நடுவில் கிழிந்த நாடாவாய்க் கொஞ்சம் தண்ணீர்.
இரண்டு நாற்பத்தாறுக்குக் கடல் ஏறி வரும்.
ஆறு வந்த வழியே திரும்பி நடக்கும்.
ஓதப் பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது.
ஐந்து நிமிடம் முன்பின் ஆனால்
நிலாவைக் கேளுங்கள், என்னையல்ல.

பூட்ஸ் வாடகை எட்டு டாலர்.
திரும்பி வராவிட்டால் முப்பது.
இதை யார் திருடப்போகிறார்கள் என்று
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள்.
திருடுவது சேறு.
அதற்கு ஏனோ இடது கால்தான் பிடித்திருக்கிறது.
என் கொட்டகைச் சுவரில், ஆணிக்கு ஒன்றாய்,
பதினேழு வலது கால்கள்.

பயந்தவன் இடது காலைத்தான் முதலில் வைப்பான் என்பான் ரொசேர்.
ரப்பர் படகு ஓட்டுகிறவன். எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பான்.

ஆகஸ்டில் வெர்னா ஹ்ரிசாக் வந்தாள்.
சஸ்காச்சுவானில் கோதுமைக்கு நடுவே ஐம்பத்தெட்டு வருடம்.
ஏழாம் நம்பர் கால்.
"கடல் எங்கே?"
வெளியே போயிருக்கிறது என்றேன்.
"எப்போது திறக்கும்?" என்றாள்,
மூடிய கடையைப் பார்த்தவள் போல.

ஃபண்டி விரிகுடா தன் தரையை
ஆறு மணி நேரத்துக்கு எங்களுக்கு விட்டுக்கொடுக்கிறது.
அதில் அவள் நடந்தாள்.
தலையில் மரம் முளைத்த செம்பாறைகளுக்கு இடையே,
பாசி பிடித்த கோடு
மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே ஈரமாய் நிற்க,
அண்ணாந்து பார்த்து ரொசேரிடம் கேட்டாளாம்:
"இப்போது நான் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறேன்?"
பதின்மூன்று மீட்டர் என்றிருக்கிறான்.
காய்ந்த வெயிலில், கையில் பாதி சாண்ட்விச்சுடன்,
அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது சேறு இடது பூட்ஸைக் கேட்டது.
கொடுத்துவிட்டாள்.

கரையில் அன்று உள்ளான் கூட்டம்.
வடக்கே குஞ்சு பொரித்த களைப்பில் வந்திறங்கி,
சேற்று இறாலைத் தின்று தின்று
இரண்டு மடங்கு எடை ஏறி,
பிறகு தென் அமெரிக்கா வரை இறங்காமல் பறப்பவை.
வல்லூறின் நிழல் விழுந்ததும் அத்தனையும் எழுந்தன.
திரும்பினால் வெள்ளை, மறுபடி திரும்பினால் பழுப்பு.
யாரோ ஒரு பெரிய போர்வையை
உதறி உதறி மடிக்கத் தெரியாமல் நின்றது போல.

முதலில் சத்தம் வந்தது,
தூரத்தில் சரளைக்கல் கொட்டும் லாரி போல.
அப்புறம் வளைவில் ஒரு வெள்ளை நூல்.
முழங்கால் உயர அலை, அவ்வளவுதான்.
"இதற்கா இவ்வளவு தூரம்?" என்றார் டொராண்டோக்காரர்.
அந்த அலைக்குப் பின்னால் வருவதை
அவர் இன்னும் பார்க்கவில்லை.
மணல் திட்டுகளின் மேல் ஆறு
தன்னோடு தானே மோதி எழுந்தது.
ரொசேர் படகை நேராக அதற்குள் விட்டான்.
ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் வெறும் சேறுமாய்
வெர்னா கத்தினாள், ஆற்றை ஒரு வாய் குடித்தாள்.
கரையேறியபோது பல்லெல்லாம் பழுப்பு.

முப்பது டாலர் கொடுத்தாள். ரசீது கேட்டாள்.
என்னவென்று எழுத?
'கடலுக்கு, ஒன்று' என்று எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபர். பலகையை இறக்கிவிட்டோம்.
ரயில் பாலத்துக்கு அப்பால்
ஆறு ஒரு பூட்ஸைக் கக்கியிருந்தது.
இடது கால்தான். ஆனால் பதினொன்றாம் நம்பர்;
நான் இந்தக் கடையை வாங்குவதற்கு முந்தைய
மஞ்சள் பெயின்ட் குறியோடு.
எந்தக் கணக்கிலும் இல்லாதது.
உள்ளே ஒரு விரல் நீள விலாங்கு.
அதை ஆற்றில் விட்டுவிட்டு
இரண்டு நாள் அடுப்பருகே காயவைத்தேன்.

ஒன்பது வருடமாக வாடகைக்குக் கொடுக்கிறேன்,
எனக்கென்று ஒரு ஜோடி எடுத்ததில்லை.
இடதில் அந்தப் பதினொன்று, இரண்டு சாக்ஸ் போட்டு.
வலதில் வெர்னாவின் ஏழு, கட்டைவிரல் இடிக்க.
விந்தி விந்தி, உள்ளான்கள் போய்விட்ட சேற்றில்
கோடு வரைந்தது போல நடந்துபோய் நின்றேன்.

பட்டியலில் நான்கு பன்னிரண்டு.
வந்தது நான்கு பத்தொன்பது.
புகார் சொல்ல யாரும் இல்லை.