ஆறாம் எதிரி

கோர்ட்டுத் தமிழில் என் பெயர் ஆறாம் எதிரி.
யாருக்கு எதிரி என்று கேட்டேன்.
"அரசுக்கு" என்றார் வக்கீல் நஸ்ரின்.
அரசு அப்போது
சத்துவாச்சாரி வராந்தாவில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
போண்டா தின்றுகொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான்.
விருதம்பட்டில் பத்தொன்பது நாள் தண்ணீர் இல்லை.
பாலாறு பக்கத்தில்தான்;
அதில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.
இருபதாம் நாள் காலை காட்பாடி ரோட்டில்
குடங்களை வரிசையாக வைத்து
நடுவில் உட்கார்ந்தோம்.
சித்தூர் பஸ் நாற்பது நிமிஷம் நின்றது.
போலீஸ்காரர் பெயர் கேட்டார்.
நான்தான் எழுதிக் கொடுத்தேன்,
என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று
எல்லோரும் சொன்னதால்:
அமுலு, குல்ஜார், சுலோச்சனா, இரண்டு தேவகிகள்,
கடைசியில் பெனினா.

சாயங்காலம் தண்ணீர் வந்தது.
அது எந்தக் கோப்பிலும் இல்லை.

"இன்னா பெரிய கேஸு?
ஒத்துகினா ஐந்நூறு ரூபா.
சோறு வடிக்கிற நேரத்துக்கு வூட்டுக்கு வந்துரலாம்"
என்றாள் அமுலு.
ஐந்து பேரும் ஒத்துக்கொண்டார்கள்.
அபராத ரசீதை அவள்
ரேஷன் கார்டுக்குள் செருகிவைத்தாள்.

என்னால் முடியாது.
மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி லேப்
என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது,
போலீஸ் சான்றிதழோடு சேர்த்து.
சின்னக் கேஸ்தானே என்று
அந்தக் காகிதம் சொல்லாது.
வெளித்துளி ஒன்று விழுந்தாலும்
சாம்பிள் கெட்டதுதான்.
அது எனக்குத் தெரிந்த தொழில்.

"குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா?"
நடுவர் நிமிரவில்லை.

தார்ச்சூடு பட்ட தொடை
இரண்டு நாள் எரிந்தது.
நான் செய்த நல்ல காரியங்களை எண்ணினால்
அது முதல் மூன்றுக்குள் வரும்.

"இல்லை" என்றேன்.

வெளியே வந்து, பொய்தானே என்றேன்.
"உட்கார்ந்தியான்னு கேக்கலம்மா,
குற்றமான்னு கேட்டாங்க. ரெண்டும் வேற."
அந்த ரெண்டுக்கும் நடுவில்
பதினோரு வாய்தா நின்றேன்.
ஒரு முறை நடுவருக்கு விடுப்பு.
இரு முறை வக்கீல்கள் உள்ளே போகவில்லை.
எஸ்.ஐ.க்கு அரக்கோணம் மாற்றலாகி
சம்மன் அவரைத் தேடி ரயிலேறியது.
மே மாதம் முழுக்க
ஒரே தூணின் நிழலைப் பங்குபோட்டோம்,
ஆட்டுத் திருட்டில் சிக்கிய ஒருவரும் நானும்.
அவரும் ஒத்துக்கொள்ளவில்லை.
ஆடும் வரவில்லை.

பஸ் டிரைவர் கூண்டேறினார்.
"நிறைய பொம்பளைங்க. முகம் ஞாபகம் இல்ல.
ஒரு பச்சைக் குடம் மட்டும்
கண்ணுலயே நிக்குது."
நான் தரையைப் பார்த்தேன்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று
அரை நிமிஷத்தில் வாசித்தார்கள்.
நஸ்ரின் கை கொடுத்தார்.
எனக்கு ஏனோ
யாரோ என்னை ரோட்டிலிருந்து தூக்கி
ஓரமாக வைத்துவிட்டது போலிருந்தது.

அடுத்த மாதம் தெருவுக்கு வந்தார்
விசாரணைக்கு ஒரு காவலர்.
குழாயடியில் ஐந்து பேரும் இருந்தார்கள்.
"பெனினாவா? தங்கமான பொண்ணு சார்.
கூட்டம் நாட்டம்னு எங்கியும் போவாது.
அன்னிக்கி ரோட்டாண்டகூட வர்ல"
என்றாள் அமுலு.
குல்ஜார் அல்லா மேல் ஆணையிடப் போய்
நிறுத்திக்கொண்டாள்.
தண்டனை பெற்ற ஐந்து பேர்
எனக்கு நன்னடத்தைச் சான்று கொடுத்தார்கள்.
அவர் எழுதிக்கொண்டார்.
கோணல் எழுத்து.

கதவுக்குப் பின்னால்
பச்சைக் குடத்தின் மேல் கையை வைத்தபடி
கேட்டுக்கொண்டிருந்தேன்,
அன்று அங்கே வராத நான்.